மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்? குழாய், போர், லாரி, கேன்... ஊற்றும் முன் செய்ய வேண்டியது என்ன? முழு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு வாரமாகவே மீன் தொட்டிக் கண்ணாடியில் பாசி. 'இன்னைக்கு சுத்தமா கழுவிடலாம்' என்று முடிவு செய்து, மீன்களை ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயில் பளிச்சென்று வரும் தண்ணீரை நிரப்பி, மீன்களை மறுபடி உள்ளே விடுகிறோம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலத்துக்குள் இரண்டு மிதக்கின்றன. பிள்ளைகள் அழுகிறார்கள். 'கடைக்காரர் சீக்கு மீனைக் கொடுத்துட்டார்' என்று பேச்சு வருகிறது.

பெரும்பாலும் தவறு மீனிடம் இல்லை. தண்ணீரில் இருக்கிறது.

'தண்ணியை ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்துங்க, போதும்' என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் ஒரே வைத்தியம். தவறான ஆலோசனை என்று சொல்ல முடியாது. ஆனால், அது ஒரே ஒரு வகைத் தண்ணீருக்கு மட்டும் முழுதாகப் பொருந்தும். திருவள்ளூர் மாவட்டம் வேப்பம்பட்டு மாதிரியான ஊர்களில் ஊராட்சிக் குழாய், வீட்டு போர், டேங்கர் லாரி, கேன் என்று ஒரே வீட்டுக்குள் நான்கு விதத் தண்ணீர் புழங்குகிறது. நான்குக்கும் நான்கு விதமான பக்குவம் தேவை. அது என்ன என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

நாம் குடிக்கும் தண்ணீர் மீனுக்கு ஏன் ஆகாது?

குடிநீரில் கிருமிகளைக் கொல்ல குளோரின் கலக்கப்படுகிறது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற தண்ணீர் வழி நோய்களிலிருந்து நம்மைக் காப்பாற்றுவது இதுதான். இந்தியக் குடிநீர்த் தர அளவுகோலான ஐ.எஸ். 10500: 2012-ன்படி, நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லி கிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அதிகபட்சம் 1 மில்லி கிராம் வரை இருக்கலாம்.

இப்போது மீனின் கணக்கைப் பாருங்கள். நன்னீர் உயிரினங்களைப் பாதுகாக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்திருக்கும் அளவு, குறுகிய நேரத் தாக்கத்துக்கு லிட்டருக்கு 0.019 மில்லி கிராம். தொடர்ச்சியான தாக்கத்துக்கு 0.011 மில்லி கிராம்.

அதாவது, நமக்குக் 'குறைந்தபட்சம் இருந்தே ஆக வேண்டும்' என்று சொல்லப்படும் அளவே, நீர்வாழ் உயிரினங்களுக்கான வரம்பைப் போல 10 மடங்கு. தண்ணீர் தரமாக இருக்கிறது என்பதே மீனுக்கு ஆபத்தாக முடிகிறது.

காரணம், நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். மீன் தண்ணீரில் சுவாசிக்கிறது. நம் வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருட்களோடு வினைபுரிந்து அந்தச் சிறிதளவு குளோரின் தீர்ந்துவிடும். மீனுக்கோ, தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது செவுளின் மிக மெல்லிய திசு மட்டும்தான். குளோரின் நேராக அந்தத் திசுவை அரித்துவிடுகிறது. தொட்டி நிறைய ஆக்சிஜன் இருந்தாலும் மீனால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான்.

இதே சிக்கல் மனிதர்களுக்கும் ஓர் இடத்தில் உண்டு. டயாலிசிஸ் சிகிச்சையில் தண்ணீர் வயிற்றின் வழியாகப் போகாமல், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தத்துக்கு மிக அருகில் ஓடுகிறது. அதனால்தான் டயாலிசிஸ் மையங்களில் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்துவதில்லை. கார்பன் வடிகட்டி வைத்து குளோரினை முழுவதுமாக நீக்கிய பிறகே பயன்படுத்துகிறார்கள். மீனின் செவுளையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

'போன வாரம் ஒண்ணும் ஆகலையே?'

பலரும் கேட்கும் கேள்வி இது. அதே குழாய், அதே தொட்டி, அதே மீன். போன வாரம் நேரடியாக ஊற்றியபோது எதுவும் ஆகவில்லை, இந்த வாரம் மட்டும் ஏன்?

குழாயில் வரும் குளோரின் அளவு தினமும் ஒன்றாக இருப்பதில்லை. ஊராட்சி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் பெரும்பாலும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித்தான் குளோரின் சேர்க்கிறார்கள். ஒரு சின்ன கணக்கு போடலாம். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பவுடர் போட்டால் லிட்டருக்கு 1 மில்லி கிராம் குளோரின் சேரும். பவுடர் பழையதாக இருந்தால் வீரியம் குறையும். புது மூட்டை பிரித்த நாளில் கூடும். பவுடர் போட்ட கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டால் முதல் தெருவுக்கு அதிகமாகவும், கடைசித் தெருவுக்குக் குறைவாகவும் போகும்.

இதில் முக்கியமானது மழைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் தேங்கினால், குழாய்க்குள் கழிவுநீர் கலந்துவிடக் கூடாது என்பதற்காக குளோரின் அளவைக் கூட்டுவார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற வெள்ளத்துக்குப் பிறகு கிணறு, தரைத்தொட்டி, வீட்டு சம்ப் எல்லாவற்றிலும் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்வதும் இதற்காகத்தான். இது மக்கள் உயிரைக் காக்கும் வேலை. அதைக் குறைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மாற வேண்டியது நம் வாளிதான்.

போன வாரம் தப்பித்தது நம் திறமையால் அல்ல, அன்றைக்கு குளோரின் குறைவாக இருந்ததால் இருக்கலாம்.

முதலில்... உங்கள் வாளியில் இருப்பது எந்தத் தண்ணீர்?

மருந்து வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. ஊராட்சி அல்லது நகராட்சிக் குழாய்: குளோரின் இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ள வேண்டும்.

2. வீட்டு போர்: குளோரின் இருக்காது. ஆனால் உப்பு, கடினத்தன்மை, இரும்பு, கரியமில வாயு இருக்கலாம். ஆக்சிஜன் குறைவாக இருக்கும்.

3. டேங்கர் லாரி: எங்கிருந்து எடுத்தது என்பதே நமக்குத் தெரியாது. குளோரின் கலந்ததாகவும் இருக்கலாம், வெறும் போர் தண்ணீராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உரிய பக்குவத்தையும் செய்துவிடுவதே பாதுகாப்பு.

4. கேன் அல்லது வீட்டு ஆர்.ஓ.: குளோரின் பெரும்பாலும் இருக்காது. ஆனால், மீனுக்கு வேண்டிய தாது உப்புகளும் போயிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல வீடுகளில் போர் தண்ணீரும் ஊராட்சித் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. அங்கிருந்து மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏற்றுகிறோம். அப்படியென்றால் 'எங்க வீட்டுல போர் தண்ணிதான்' என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் குழாயில் வருவது கலப்புத் தண்ணீர். டேங்க் கழுவியவர் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போயிருந்தால் போர் தண்ணீரிலும் குளோரின் இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்கச் சுலபமான வழி, குளோரின் சோதனை கிட். தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால், கிட்டின் வகையைப் பொறுத்து மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் மாறும். நிறம் அடர்த்தியாக இருந்தால் குளோரின் அதிகம். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மூக்கை நம்ப வேண்டாம். நமக்கு வாசனை தெரியாத அளவு குளோரினே மீனுக்குப் போதும்.

குழாய்த் தண்ணீர்: இரண்டு வழிகள்

முதல் வழி: பிடித்து வைப்பது.

குளோரின் காற்றில் கலந்து போய்விடும் என்பது உண்மை. ஆனால் எதில் பிடித்து வைக்கிறோம் என்பது முக்கியம். வாய் குறுகிய குடத்திலும், மூடி போட்ட டிரம்மிலும் அது மெதுவாகத்தான் போகும். வாய் அகன்ற வாளியில், மூடாமல், ஏர் பம்ப் குழாயை உள்ளே போட்டுக் குமிழி விட்டு, 24 மணி நேரம் வையுங்கள். ஏர் பம்ப் இல்லை என்றால் 48 மணி நேரம். வெயில் படும் இடமானால் குளோரின் இன்னும் வேகமாகச் சிதையும். ஆனால் வெயிலில் சூடான தண்ணீரை அப்படியே ஊற்றிவிடக் கூடாது. மொட்டை மாடியில் வைக்கும்போது கொசுவலைத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் மீனுக்குத் தண்ணீர் தயாராகும் முன் கொசுவுக்குத் தயாராகிவிடும்.

இரண்டாவது வழி: ஆன்டி குளோரின்.

மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் இருக்கும் பொருள் சோடியம் தயோசல்ஃபேட். அந்தக் காலத்து ஃபோட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவப் பயன்பட்ட 'ஹைப்போ' இதுதான். குளோரினோடு சேர்ந்தவுடனேயே வினைபுரிந்து அதைத் தீங்கில்லாத குளோரைடு உப்பாக மாற்றிவிடும். ஒரு நாள் காத்திருக்கத் தேவையில்லை. நன்றாகக் கலக்கி 10 நிமிடம் விட்டாலே போதும்.

பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். ஹைப்போ கற்களாக வாங்கினால் கணக்கு இப்படி: 1 மில்லி கிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லி கிராம் ஹைப்போ போதுமானது. 10 கிராம் ஹைப்போவை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் 10 மில்லி கிராம் இருக்கும். 15 லிட்டர் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் குளோரின் இருப்பதாக வைத்தால் மொத்தம் 15 மில்லி கிராம். அதை 7-ஆல் பெருக்கினால் 105. ஆக, சுமார் 10 மில்லி லிட்டர் கரைசல். இருமல் மருந்து மூடியால் அளந்துவிடலாம். மழைக்காலத்தில் இதை இரண்டு மடங்காக்கினாலும் மீனுக்குப் பாதிப்பு இல்லை.

இந்தக் கரைசல் நாள்படச் சிதையும். நிழலில், மூடிய பாட்டிலில் வைத்து, மாதம் ஒருமுறை புதிதாகக் கரைப்பது நல்லது. பாட்டில் மேல் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று. கடையில் மருந்தை நிறம் சொல்லி வாங்காதீர்கள். நீல மருந்து என்று கொடுக்கப்படுவது மெத்திலீன் புளூவாக இருக்கலாம். அது பூஞ்சைத் தொற்றுக்கானது, குளோரினுக்கானது அல்ல. 'ஆன்டி குளோரின்' என்று பெயர் சொல்லி, லேபிளைப் படித்து வாங்குங்கள்.

குளோரமின் என்றால் என்ன?

குளோரின் தண்ணீரில் அமோனியாவும் இருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரமின் உருவாகும். சில வெளிநாட்டு நகரங்களில் குளோரமினை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், ஏனென்றால் அது குழாயில் நீண்ட நேரம் நிற்கும். நம் ஊரில் அப்படிச் சேர்க்காவிட்டாலும், மூலத் தண்ணீரில் கழிவு கலந்து அமோனியா இருந்தால் தானாகவே உருவாகக்கூடும்.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஒரு நாள் பிடித்து வைத்தால் இது போகாது. இரண்டு, ஹைப்போ இதில் உள்ள குளோரினை மட்டும் முறிக்கும், அமோனியா மிச்சம் நிற்கும். எனவே தண்ணீரை 48 மணி நேரம் வைத்த பிறகும் சோதனை கிட் நிறம் காட்டினால், அமோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வாட்டர் கண்டிஷனர் வாங்குவதே சரி. வாங்கும்போது லேபிளில் 'அமோனியா' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

போர் தண்ணீர்: குளோரின் இல்லை, ஆனால்...

'எங்க போர் தண்ணியில குளோரினே இல்ல, நேரா ஊத்தலாம்' என்பது வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் பக்கம் மீன் வளர்ப்பவர்களும் எளிதில் நம்பிவிடக்கூடிய விஷயம். பாதி உண்மை.

நிலத்தடியிலிருந்து அப்போதுதான் வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கரியமில வாயு அதிகம் இருக்கலாம். சில போர்களில் முட்டை அழுகிய வாசனை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு நஞ்சு. சில போர்களில் தண்ணீர் வரும்போது தெளிவாக இருந்து, வாளியில் நின்ற பிறகு செம்பழுப்பாக மாறும். அது இரும்பு. காற்று பட்டதும் துருவாக மாறி நுண்துகள்களாகப் பிரிகிறது. நேரடியாக ஊற்றினால் அந்தத் துகள்கள் மீனின் செவுளிலேயே படியும்.

மேற்சொன்ன நான்குக்கும் மருந்து ஒன்றுதான்: காற்று. வாளியில் ஏர் பம்ப் போட்டு ஓர் இரவு முழுக்கக் குமிழி விடுங்கள். வாயுக்கள் வெளியேறும், ஆக்சிஜன் ஏறும், இரும்பு அடியில் படியும். காலையில் மேல் தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டு அடியில் உள்ளதை விட்டுவிடுங்கள். ஹைப்போ இங்கே எந்த வேலையும் செய்யாது.

ஆனால் காற்றால் போகாத ஒன்று உண்டு, அது உப்பு. டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்புகளின் அளவு குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஐ.எஸ். 10500. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மைக்கு இதே கணக்கு 200, 600. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் இது மாறும். மீஞ்சூர் பகுதியில் கடல் நீர் நிலத்தடி நீருக்குள் புகுந்திருப்பது 1960-களின் இறுதியிலிருந்தே பதிவான விஷயம். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் வேப்பம்பட்டு தண்ணீரையும் மீஞ்சூர் தண்ணீரையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. அடுத்த தெருவில் போர் போட்ட ஆழம் வேறாக இருந்தாலே தண்ணீரும் வேறாகிவிடும். எனவே பக்கத்து வீட்டு அளவை நம்பாமல், கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி உங்கள் தண்ணீரை நீங்களே பாருங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டி வசிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு உப்பு என்று மட்டும் சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் இருந்தால் மீட்டரைப் பார்த்தோ, பிடித்து வைத்தோ, ஹைப்போ போட்டோ எதுவும் தெரியாது. திரும்பத் திரும்ப மீன்கள் இறந்தால் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது மீனுக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

எதிர்பாராத ஆபத்து: பழைய தொட்டியும் புதிய தண்ணீரும்

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டி. மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. திடீரென்று ஒரு நாள் பொறுப்பு வந்து, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புது போர் தண்ணீரை ஊற்றுகிறோம். குளோரினே இல்லை. ஆனாலும் மீன்கள் சாகின்றன. எப்படி?

மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அமோனியா வருகிறது. அமோனியா எவ்வளவு நஞ்சு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.ஹெச். அளவு. 30 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும். பி.ஹெச். 8 ஆனால் அது சுமார் 7.5 சதவீதம். அதாவது ஏறத்தாழ 9 மடங்கு.

பழைய தொட்டியில் பி.ஹெச். மெல்ல மெல்லக் குறைந்திருக்கும். அமோனியா தேங்கியிருந்தாலும் அது அடங்கிக் கிடக்கும். அங்கே பி.ஹெச். 8 உள்ள தண்ணீரை ஒரேயடியாக ஊற்றும்போது, அடங்கிக் கிடந்த அமோனியா அத்தனையும் சில நிமிடங்களில் நஞ்சாக எழும்புகிறது.

இப்படிப்பட்ட தொட்டியில் தினமும் 10 சதவீதம் என்று ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் பி.ஹெச். பார்ப்பதாக இருந்தால், குழாயிலிருந்து பிடித்தவுடன் பார்க்காதீர்கள். போர் தண்ணீரில் கரியமில வாயு இருக்கும்வரை பி.ஹெச். குறைவாகக் காட்டும். ஓர் இரவு குமிழி விட்ட பிறகு பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும்.

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

'காசு கொடுத்து வாங்குற தண்ணி, இதைவிட சுத்தம் வேற என்ன?' என்று கேன் தண்ணீரையே முழுக்க ஊற்றுபவர்களும் உண்டு. மீனுக்கு கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள் தண்ணீரிலும் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் அவை மிகக் குறைவு. பி.ஹெச். நிலையாக நிற்கவும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு வேண்டும். அது இல்லையென்றால் பி.ஹெச். சட்டென்று சரிந்துவிடும்.

ஆனால், கலந்து பயன்படுத்தினால் ஆர்.ஓ. நல்ல துணை. உங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ். 1,000, ஆர்.ஓ. தண்ணீர் 50 என்றால், சரிபாதியாகக் கலந்தால் 525. இந்தக் கலப்பு விகிதத்தை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் ஒரே மாதிரி வைத்துக்கொள்வது முக்கியம்.

ஆர்.ஓ. தண்ணீருக்கு இன்னொரு நல்ல பயன் இருக்கிறது. கோடையில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அந்த இடத்தைப் போர் தண்ணீரால் நிரப்பினால் வாரா வாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்த மட்டத்தை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நீக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தண்ணீர் மாற்றுவது எப்படி? படிப்படியாக...

படி 1: தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டி மீட்டரில் அளந்து பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். இரண்டடித் தொட்டி என்றால் 60 x 30 x 30 = 54 லிட்டர். மணல், கல் போக இன்னும் குறையும்.

படி 2: வாரம் ஒருமுறை கால்பங்கு போதும். இரண்டடித் தொட்டிக்கு அது 12, 13 லிட்டர். ஒரு வாளித் தண்ணீர். இதைப் பக்குவப்படுத்துவது பெரிய வேலையே அல்ல. தொட்டி முழுவதையும் காலி செய்யும்போதுதான் வேலையும் ஆபத்தும் கூடுகின்றன.

படி 3: மீன்களை வெளியே எடுக்க வேண்டாம். குழாய் வைத்து அடியில் உள்ள கழிவோடு தண்ணீரை உறிஞ்சி எடுங்கள்.

படி 4: ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். அமோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்கள் வசிப்பது அதில்தான். கிருமியைக் கொல்லும் குளோரினுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்க்கத் தெரியாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

படி 5: வெப்பநிலையைச் சரிபாருங்கள். மே மாத மதியத்தில் மாடி சின்டெக்ஸ் டேங்க் தண்ணீர் கையைச் சுடும். தொட்டிக்கும் புதுத் தண்ணீருக்கும் இடையே 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லி கிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.6 ஆகிவிடும். காலையில் மாற்றுவதே நல்லது.

படி 6: பக்குவப்படுத்திய தண்ணீரை மெதுவாக, ஒரு தட்டின் மீது விழும்படி ஊற்றுங்கள். வேறு வழியே இல்லாமல் குழாய்த் தண்ணீரை நேரடியாகத் தொட்டியில் விட நேர்ந்தால், ஆன்டி குளோரினை முதலில் ஊற்றிவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். அப்போது அளவைப் புதுத் தண்ணீருக்கு மட்டும் கணக்கிடாமல் தொட்டி முழுவதற்கும் கணக்கிடுங்கள்.

எடுத்த பழைய தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம். சாக்கடையில் கொட்ட வேண்டாம். உப்பு மருந்து போட்டிருந்தால் மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.

மீன்கள் திணறினால் உடனே என்ன செய்வது?

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளப்பது, தாறுமாறாகப் பாய்வது, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடப்பது ஆகியவை எச்சரிக்கை. அப்போது,

* தொட்டி முழுவதற்குமான அளவு ஆன்டி குளோரினை உடனே ஊற்றுங்கள்.
* ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கரன்ட் இல்லையென்றால் டம்ளரில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். தண்ணீரில் காற்று கலக்கும்.
* பயந்துபோய் மறுபடியும் முழுத் தண்ணீரையும் குழாயிலிருந்து மாற்றிவிடாதீர்கள். பல வீடுகளில் மிச்சம் இருந்த மீனும் போவது இந்த இரண்டாவது தவறில்தான்.
* அன்றைக்கும் மறுநாளும் உணவு போட வேண்டாம்.

செவுள் அதிகம் பாதிக்கப்படாத மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

நம்பிக்கையும் உண்மையும்

கல் உப்பு போட்டால் குளோரின் போய்விடுமா? போகாது. உப்புக்கு வேறு பயன்கள் உண்டு, குளோரினை நீக்குவது அதில் இல்லை.

படிகாரம்? கலங்கலைத் தெளியவைக்கும். குளோரினை ஒன்றும் செய்யாது. பி.ஹெச்.-ஐயும் குறைத்துவிடும்.

கொதிக்க வைத்தால்? குளோரின் போகும். ஆனால் ஆக்சிஜனும் போய்விடும். ஆறவைத்துக் காற்றூட்டிய பிறகே பயன்படுத்தலாம். ஒரு வாளிக்கு இது கேஸ் வீண்.

வைட்டமின் சி மாத்திரை? வைட்டமின் சி குளோரினை முறிக்கும் என்பது உண்மை. ஆனால் மெடிக்கலில் கிடைக்கும் சப்பும் மாத்திரைகளில் சர்க்கரை, நிறம், வாசனைப் பொருள் எல்லாம் இருக்கின்றன. மலிவான ஹைப்போ இருக்கும்போது இது தேவையில்லை.

மழைத் தண்ணீர்? முதல் மழையை விட்டுவிட்டுச் சுத்தமாகப் பிடித்தால் ஆர்.ஓ. தண்ணீர் போலவே உப்பில்லாத தண்ணீர். தனியாக ஊற்றாமல் கலந்து பயன்படுத்தலாம். தொழிற்சாலைப் புகை அதிகம் உள்ள பகுதிகளில் தவிர்ப்பது நல்லது.

தண்ணீரை மாற்றுவதைவிட மீனை மாற்றுவது எளிது

சென்னை கொளத்தூர், வண்ண மீன் விற்பனைக்குப் பெயர் பெற்ற இடம். வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் வில்லிவாக்கத்தில் இறங்கிப் போய்விடலாம். அங்கே போகும் முன் உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., பி.ஹெச். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடையில் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, அந்த மீனுக்காக வருஷம் முழுக்கத் தண்ணீரோடு போராடுவதைவிட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது புத்திசாலித்தனம்.

கடினமான போர் தண்ணீரில் கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் நன்றாக வாழும். மோலி கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவற்றுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. கலக்க வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கவரை அப்படியே தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' போன்ற வெளிநாட்டு மீன்கள் நம் ஏரி மீன்களுக்கு எதிரியாகிவிடும். தெரிந்தவர்களிடமோ கடையிலோ கொடுத்துவிடலாம்.

சுருக்கமாக...

குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின், அல்லது மூடாமல் 24 மணி நேரம் காற்று. போர் என்றால் ஓர் இரவு காற்று, பிறகு டி.டி.எஸ். சோதனை. லாரி என்றால் இரண்டும். ஆர்.ஓ. என்றால் கலப்பு. எதுவாக இருந்தாலும் ஒரு வாரத்தில் கால்பங்குக்கு மேல் வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் தொடும் முன், சனிக்கிழமை ராத்திரியே ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்து ஏர் பம்ப்பைப் போட்டு வைத்துவிடுங்கள். ஒரு வாளி, ஓர் இரவு. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்க்கும் மீனுக்கு அந்தக் காத்திருப்பு போதும்.